விழுந்து எழுந்த வித்தகர் ஜிகோரோ கானோ

(மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாறு மாணவர் ஒருவர்)

உலக வரலாற்றின் ஏடுகளைப் புரட்டுவோர், பிறரை வீழ்த்தி வென்றவர்களை நிரம்பக் காண்பர். எப்படி விழ வேண்டும் என்பதையே முதற்பாடமாக வைத்து ஒரு கலையை உருவாக்கிய ஆசிரியரைக் காண்பது அரிது. அத்தகைய ஒருவர் ஜப்பான் நாட்டில் வாழ்ந்தார். அவர் படைத்தலைவர் அல்லர். மல்லர் குடியில் பிறந்தவரும் அல்லர். ஐந்தடி இரண்டங்குல உயரமே உடைய கல்லூரி ஆசிரியர். ஜூடோ என்னும் கலையை உலகுக்குத் தந்த ஜிகோரோ கானோதான் அவர்.

இன்று பிரேசில் நாட்டின் ஜியு-ஜிட்சுக் கூடம் ஒன்றில் நுழைந்து பாருங்கள். ஒருவன் மல்லாந்து கிடக்கிறான். அவன்மேல் கவிழ வருபவனோ அவனைவிடப் பருத்தவன். கிடப்பவனின் ஒரு கை எதிரியின் சட்டைக் காலரை இறுகப் பற்றியிருக்கிறது. மற்றொரு கை சட்டைக்கையைப் பிடித்திருக்கிறது. கால்கள் இரண்டும் எதிரியின் உடலில் ஊன்றி நிற்கின்றன. கீழே கிடப்பவன் தோற்றுவிட்டான் என்று நாம் எண்ணுவோம். ஆனால் அடுத்த நொடியில் மேலிருந்தவன் கீழே புரள்கிறான். காலரைப் பிடித்த அந்தக் கைக்கு யார் பாடம் சொன்னார்கள் என்று தேடிக்கொண்டே போனால், 1882-ஆம் ஆண்டில் டோக்கியோ நகரத்துப் புத்த ஆலயம் ஒன்றில் விரிக்கப்பட்ட பன்னிரண்டு பாய்களிடம் வந்து சேர்வோம். அந்தப் பாய்களை விரித்தவரின் வரலாற்றை இங்கே காண்போம்.

மெலிந்த சிறுவன்

ஜிகோரோ கானோ 1860-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள், இன்றைய கோபே நகரத்தைச் சேர்ந்த மிக்காகே என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். கானோ குடும்பம் அரிசியிலிருந்து சாக்கே என்னும் மது வடிக்கும் தொழிலில் பெயர் பெற்றது. தந்தையார் ஜிரோசாக்கு அத்தொழிலில் ஈடுபடாமல் கப்பல் போக்குவரத்துத் துறையிலும் அரசுப் பணியிலும் ஈடுபட்டார். கல்வியில் பெரும் பற்றுக் கொண்டவர் அவர். தாயார் சதாக்கோவோ மகனுக்கு ஒன்பது வயது நிரம்பிய காலத்திலேயே மறைந்தார். தாயை இழந்த சிறுவனைத் தந்தை டோக்கியோவுக்கு அழைத்துச் சென்று நல்ல பள்ளிகளில் சேர்த்தார்.

அது ஜப்பான் விழித்தெழுந்த காலம். 1868-இல் மெய்ஜி ஆட்சி மலர்ந்தது. சாமுராய்கள் இடையிலிருந்த வாளைக் கழற்றினர். எங்கு நோக்கினும் மேலைநாட்டுக் கல்வி, மேலைநாட்டு உடை, மேலைநாட்டுச் சட்டம். சிறுவன் கானோ பதினான்கு வயதில் ஆங்கிலவழிப் பள்ளியின் விடுதியில் தங்கிப் படித்தான். படிப்பில் அவனை மிஞ்சுவோர் இல்லை. ஆனால் விடுதி வாழ்க்கைக்குப் படிப்பு மட்டும் போதுமா? உடல் மெலிந்தவன், உயரம் குறைந்தவன். வலிமை மிகுந்த மாணவர்கள் அவனை அடித்தனர், தள்ளினர், எள்ளி நகையாடினர். முதல் மதிப்பெண் வாங்கும் மாணவன் மாலையானால் மூலையில் ஒதுங்கி நின்றான்.

சிறியவனும் பெரியவனை வெல்லக்கூடிய ஜுஜுத்சு என்னும் பழைய கலை ஒன்று உண்டு என்று அவன் கேள்விப்பட்டான். வீட்டிற்கு வந்துபோகும் பெரியவர்களில் சிலர் அதை அறிந்தவர்கள். கற்றுத் தருமாறு அவர்களை வேண்டினான். காலம் மாறிவிட்டது, இனி அக்கலைக்கு இந்த நாட்டில் இடமில்லை என்று அவர்கள் மறுத்தனர். தந்தையும் அதனை விரும்பவில்லை. ஆண்டுகள் கழிந்தன, சிறுவனின் வேட்கை மட்டும் தணியவில்லை.

ஆசானைத் தேடி

1877-ஆம் ஆண்டில் கானோ டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அரசியலும் பொருளியலும் தத்துவமும் அவர் பயின்ற துறைகள். பகலில் பாடம், மாலையில் ஆசானைத் தேடும் படலம். அவர் தேடிய முறை வேடிக்கையானது. பழைய ஜுஜுத்சு ஆசான்கள் பலர் மாணவரின்றி வறுமையுற்று, எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியத்தால் வயிறு வளர்த்து வந்தனர். நம் ஊர்களிலும் சிலம்ப ஆசான்களே முறிவு வைத்தியராக இருப்பதைக் கண்டிருக்கிறோம் அல்லவா? எனவே கானோ, எலும்பு வைத்தியரின் பெயர்ப்பலகையைக் கண்ட இடமெல்லாம் உள்ளே நுழைந்து, ஜுஜுத்சு தெரியுமா என்று கேட்டுக்கொண்டே போனார். அத்தகைய ஒரு வைத்தியர் காட்டிய வழியில்தான் ஃபுகுதா ஹச்சினோசுகே என்னும் ஆசான் கிடைத்தார்.

ஃபுகுதா, தென்ஜின் ஷின்யோ என்னும் மரபைச் சேர்ந்தவர். மடக்கிப் பிடித்தல், கழுத்தை நெரித்தல், மூட்டை முறுக்குதல் ஆகியவற்றில் வல்ல மரபு அது. முதல் நாட்களில் ஓர் எறிதலின் நுணுக்கம் புரியாமல், கையை எங்கே வைப்பது, காலை எங்கே வைப்பது என்று கானோ கேட்டாராம். பல்கலைக்கழக மாணவரின் கேள்வி அது! ஆசான் விளக்கம் எதுவும் கூறவில்லை. அருகில் அழைத்தார், தூக்கி எறிந்தார். எழுந்துவந்து மீண்டும் கேட்டார் கானோ. மீண்டும் எறிந்தார். கேள்விகள் தீரும்வரை எறிதலும் தீரவில்லை. நூறுமுறை விழுந்தால் உடல் தானே அறிந்துகொள்ளும் என்பது அந்த ஆசானின் கல்விமுறை. உடம்பெங்கும் களிம்பும் கட்டுமாக வகுப்புக்கு வந்த கானோவைக் கண்டு தோழர்கள் நகைத்தனர். அவர் ஒருநாளும் பயிற்சியை விடவில்லை.

நூலகம் தந்த பிடி

அந்தப் பயிற்சிக்கூடத்தில் ஃபுகுஷிமா கனெகிச்சி என்னும் மூத்த மாணவர் இருந்தார். மலைபோன்ற உடல். கானோ எத்தனை முறை மோதினாலும் தோல்வியே கிட்டியது. ஜுஜுத்சு நுணுக்கங்கள் பயனளிக்கவில்லை. சுமோ மல்லரின் பிடிகளைக் கற்று முயன்றார்; அதுவும் பயனளிக்கவில்லை. வேறொருவராயின் மனம் சோர்ந்திருப்பர். கானோ என்ன செய்தார்? நூலகத்திற்குச் சென்றார்! மேலைநாட்டு மல்யுத்தம் பற்றிய நூல்களைப் புரட்டினார். எதிரியின் கால்களுக்கிடையே கையை விட்டு, அவன் உடலைத் தம் தோளின்மேல் ஏற்றிச் சுழற்றி எறியும் முறை ஒன்றை அங்கே கண்டார். இரகசியமாகப் பயின்றார். ஒருநாள் அந்த மலை, அவர் தோளின்மேல் ஏறித் தரையில் விழுந்தது. பின்னாளில் தோட்சக்கரம் என்னும் பொருள்பட கதா-குருமா என்று பெயர் பெற்ற எறிதல் இதுதான். உடல்வலி குறைந்தவனுக்கு நூலகமும் ஓர் ஆயுதசாலை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா?

1879-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் கிராண்ட் ஜப்பானுக்கு வந்திருந்தபோது, அவர்முன் ஃபுகுதாவும் மாணவர்களும் கலையை நிகழ்த்திக் காட்டினர். கானோவும் அதில் பங்குகொண்டார். அதன்பின் சில நாட்களிலேயே ஆசான் ஃபுகுதா தமது 52-ஆம் வயதில் மறைந்தார். அடுத்து ஈசோ மசதோமோ என்னும் முதியவரிடம் கானோ கற்றார். அவரும் 1881-இல் மறைந்தார். பின்னர் கிதோ மரபைச் சேர்ந்த ஈகுபோ ட்சுனெதோஷியிடம் சேர்ந்தார். கிதோ மரபு எறிதலில் வல்லது. ஒரு மரபு தரையில் மடக்கும். மற்றொரு மரபு நின்றபடி எறியும். இரண்டும் ஓர் உள்ளத்தில் கலந்தன. ஆசான்கள் ஒவ்வொருவராக மறைய மறைய, அவர்களோடு கலையும் மறைந்துவிடுமோ என்ற அச்சம் இளைஞர் கானோவின் நெஞ்சில் வேரூன்றியது.

பன்னிரண்டு பாய்கள்

1882-ஆம் ஆண்டில், இருபத்திரண்டு வயதுகூட நிரம்பாத கானோ, டோக்கியோவின் ஷிதாயாப் பகுதியில் எய்ஷோஜி என்னும் புத்த ஆலயத்தில் இடம் பெற்று, பன்னிரண்டு பாய்களை விரித்துப் பயிற்சிக்கூடம் தொடங்கினார். முதலாண்டில் சேர்ந்த மாணவர் ஒன்பது பேர். கூடத்திற்குக் கோடோக்கான் என்று பெயரிட்டார். நெறியைக் கற்கும் கூடம் என்பது அதன் பொருள். கலைக்கும் ஜுஜுத்சு என்ற பெயரை விலக்கி ஜூடோ என்று பெயர் வைத்தார். ஜு என்பது இணங்கும் மென்மை. ஜுத்சு என்றால் நுட்பம். டோ என்றால் வழி. நுட்பத்தோடு நின்றுவிடாமல் வாழும் வழியாகவும் அமைய வேண்டும் என்பது அவர் உள்ளக்கிடக்கை.

இளைஞர்கள் ஒருவரையொருவர் தூக்கி எறிய, ஆலயத் தரை அதிர்ந்தது. மாடத்தில் வைத்திருந்த நினைவுப் பலகைகள் உருண்டன. ஆலயத் துறவியார் பொறுமை இழந்தார். கானோ இரவில் தரைக்கு அடியில் நுழைந்து, முறிந்த சட்டங்களுக்கு முட்டுக் கொடுத்ததும் உண்டு என்பர். அப்போது அவர் கக்குஷூயின் பள்ளியில் ஆசிரியர். பிரபுக்களின் மைந்தர் படித்த பள்ளி அது. ஊதியம் முழுவதும் கூடத்திற்கே போதவில்லை. ஆங்கில நூல்களை மொழிபெயர்த்துப் பொருளீட்டிக் கூடத்தை நடத்தினார். மாணவரிடம் கட்டணம் பெறவில்லை. அவர்கள் பயிற்சியுடை வாங்க இயலாதவராக இருந்தால் அதனையும் தந்தார்.

பத்தும் ஏழும்

கானோ கண்ட உண்மை என்ன? அதனை எண்ணிக்கையால் விளக்குவது அவர் வழக்கம். ஒருவனுடைய வலிமை பத்து என்று கொள்வோம். எனக்கு ஏழு. அவன் பத்தின் வலியோடு என்னைத் தள்ளும்போது, ஏழின் வலியோடு எதிர்த்து நின்றால் நான் தோற்பது உறுதி. எதிர்க்காமல், அவன் தள்ளும் அளவுக்கே பின்வாங்கினால்? அவன் முன்னால் சாய்கிறான், நிலைகுலைகிறான். நிலைகுலைந்த நொடியில் அவனுடைய பத்து மூன்றாகிவிடுகிறது. என் ஏழோ முழுமையாக என்னிடம் இருக்கிறது. அதில் பாதியே அவனை வீழ்த்தப் போதும்.

இந்த நிலைகுலைத்தலை ஜப்பானியர் குசுஷி என்பர். 1885-ஐ ஒட்டி ஒருநாள், கானோ தம் ஆசான் ஈகுபோவோடு பயின்றபோது, அவரைத் தொடர்ந்து பலமுறை எறிய முடிந்தது. ஆசான் வியந்து காரணம் கேட்டார். முதலில் நிலையைக் குலைத்து, அதன்பின் எறிவதே காரணம் என்று மாணவர் விளக்கினார். இனித் தம்மிடம் கற்க ஏதுமில்லை என்று ஆசான் கூறி, தம் மரபின் சுவடிகளை அவரிடம் ஒப்படைத்தார். மாணவரின் வெற்றியைத் தம் வெற்றியாகக் கொண்ட அந்த முதியவரையும் நாம் போற்ற வேண்டும்.

காலரும் கழுத்தும்

குத்தும் உதையும் பயிற்சியில் உயிருக்கு ஊறு செய்யும். எனவே அவற்றைக் கட்டுப்பட்ட வடிவப் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டுப் பிடித்தல், எறிதல், மடக்குதல் ஆகியவற்றைக் கட்டற்ற பயிற்சிக்கு வைத்தார் கானோ. அப்படியானால் எதைப் பிடிப்பது? உடையைத்தான்! அதனால் தடித்த நூலால் நெய்து, பலமடிப்பாகத் தைத்த காலரோடு கூடிய மேலங்கி ஜூடோவின் உயிர்நாடி ஆயிற்று. பழைய உடையில் குட்டையாக இருந்த சட்டைக்கையும் காற்சட்டையும் பின்னர் நீளமாயின. நின்ற நிலையில் ஒரு கை எதிரியின் காலரையும் மறுகை அவன் சட்டைக்கையையும் பற்றும். இது கப்பலுக்குச் சுக்கான் போன்றது. எதிரியை எத்திசையில் சாய்ப்பது என்பதை இவ்விரு கைகளே முடிவு செய்கின்றன.

அதே காலர், தரையில் விழுந்தபின் வேறொரு தொழில் செய்கிறது. தென்ஜின் ஷின்யோ மரபிலிருந்து வந்த கழுத்துப் பிடிகளை அங்கே காணலாம். காலரின் உட்புறம் நான்கு விரல்களை நுழைத்து, கழுத்தின் பின்புறம்வரை ஆழமாகப் பற்றி, மறுகையையும் குறுக்காகச் செலுத்தி முழங்கைகளைத் தன் விலாவோடு இழுத்தால், கழுத்தின் இருபுறமும் மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாளங்கள் அழுந்தும். பிடிபட்டவன் சில நொடிகளுக்குள் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும். தட்டிய அக்கணமே பிடித்தவன் விட்டுவிட வேண்டும். ஆளைக் கொல்லக்கூடிய பிடியை மாணவர் நாள்தோறும் பயிலத்தக்க பாடமாக மாற்றியது அந்தத் தட்டுதலும் விடுதலும்தான். பயில்வோர் இருவருக்கும் இடையே நம்பிக்கை இல்லையேல் இக்கலையே இல்லை. ஆசானின் கண்காணிப்பு இன்றி எவரும் இதனை முயலலாகாது.

ஆயினும் கானோவின் மனம் நின்ற நிலைப் போரையே பெரிதும் விரும்பியது. தரைப்போரில் கோடோக்கான் வீரர்களுக்குப் பாடம் புகட்டியவர் வேறொரு மரபினர். ஃபூசென் மரபைச் சேர்ந்த தனாபே மதாயெமோன் என்பவர், நின்று போரிடாமல் தரையில் கிடந்தே அவர்களை மடக்கினார். தோல்வியை மறைக்காமல் தரைப்போரையும் தம் பாடத்தில் வலுப்படுத்தியது கோடோக்கான். 1914-இல் தொடங்கிய உயர்நிலைப் பள்ளிகளின் போட்டிகளில் மாணவர்கள் தரைப்போரையே பெரிதும் வளர்த்தனர். அது எல்லை மீறுவதாகக் கருதப்பட்டு, 1925-இல் கோடோக்கான் விதிகள் தரைப்போருக்குச் சில கட்டுப்பாடுகளை விதித்தன. ஆனால் அதற்குள் அந்தப் பிடி கடல் கடந்துவிட்டது.

கடல் கடந்த பிடி

1897-இல் கோடோக்கானில் சேர்ந்த இளைஞர்களில் மித்சுயோ மயேதா என்பவர் ஒருவர். ஜப்பானின் வடக்கே உள்ள அயோமோரிப் பகுதியைச் சேர்ந்தவர். 1904-இல், கானோவின் தொடக்ககால மாணவரான தோமிதாவோடு அமெரிக்கா சென்றார். அங்கிருந்து நாடு நாடாகச் சென்று, மல்லரோடு மோதி, கோண்டே கோமா என்னும் பட்டப்பெயர் பெற்றார். பணப்பந்தயப் போட்டிகளைக் கானோ விரும்பியவர் அல்லர். ஆனால் மாணவன் செல்லும் வழியை ஆசான் எப்போதும் வகுக்க முடியுமா? 1914-இல் மயேதா பிரேசிலை அடைந்தார். பின்னர் அமேசான் ஆற்று முகத்தில் உள்ள பெலேம் நகரத்தில் குடியேறினார்.

அந்த நகரில் கார்லோஸ் கிரேசி என்னும் சிறுவர் அவரிடம் பயின்றார். கிரேசி குடும்பம் பின்னர் ரியோ டி ஜனீரோவுக்குச் சென்று பயிற்சிக்கூடம் நடத்தியது. தம்பி எலியோ உடல் மெலிந்தவர். எறியும் வலிமை இல்லாதவர் என்ன செய்வது? விழுந்த நிலையையே கோட்டையாக்கிக்கொண்டார். கால்களால் எதிரியின் இடுப்பைச் சுற்றி வளைத்து, காலரையும் சட்டைக்கையையும் பற்றி, கீழிருந்தே போரிடும் நிலையைக் கிரேசி குடும்பத்தினர் நுணுக்கமாக வளர்த்தனர். இதனையே இன்று கார்டு என்கின்றனர். டோக்கியோ விடுதியில் அடிபட்ட மெலிந்த சிறுவனின் வேட்கை, அரை உலகத்துக்கு அப்பால் மற்றொரு மெலிந்த சிறுவனைச் சென்று அடைந்தது. 1951-ஆம் ஆண்டு ரியோவின் மரக்கானா அரங்கில் எலியோவை ஜூடோ வீரர் மசாஹிக்கோ கிமுரா தோள்முறுக்குப் பிடியால் வென்றார். தோற்ற பிரேசிலியர்கள் அந்தப் பிடிக்குக் கிமுரா என்றே பெயரிட்டு, தம் பாடத்தில் சேர்த்துக்கொண்டனர்!

காலர்ப் பிடியோடு கூடிய கார்டைப் புதிதாகக் கற்கும் மாணவர் எல்லோரும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். கையின் வலியால் இழுக்கின்றனர், முதுகைத் தரையில் அப்பிக்கொண்டு கிடக்கின்றனர், கால்களை மறந்துவிடுகின்றனர். சிறிது நேரத்தில் விரல் ஓய்ந்துவிடும், பிடி நழுவிவிடும். சரியான முறை வேறு. காலரைப் பற்றிய கையின் முழங்கை உடலை ஒட்டியிருக்க வேண்டும். சட்டைக்கை பிடிபட்ட கையின் புயத்தில் ஒரு பாதம். எதிரியின் இடுப்பில் மறுபாதம். இடுப்பைச் சற்றே புரட்டிப் பக்கவாட்டில் திரும்பிக் கிடக்க வேண்டும். பாதங்கள் தள்ளும்போது கைகள் இழுக்கும். ஒரே நேரத்தில் தள்ளப்பட்டும் இழுக்கப்பட்டும் நிற்கும் எதிரி நிமிர முடியாது, சாயவும் முடியாது. அவன் பின்னால் இழுத்தால் அவனோடு எழுந்துவிடலாம். முன்னால் அழுத்தினால் அந்த விசையாலேயே அவனைப் புரட்டிவிடலாம். பத்தும் ஏழும் என்ற அதே கணக்கு மல்லாந்த நிலையிலும் பொருந்துகிறது அன்றோ!

ஆசிரியர் கானோ

ஜூடோவை மட்டும் கூறினால் கானோவின் வரலாறு பாதியே ஆகும். வாழ்நாள் முழுவதும் அவர் தொழில், கல்வி. 1889-இல் ஐரோப்பா சென்று அங்குள்ள கல்விமுறையைக் கண்டு 1891-இல் திரும்பினார். திரும்பும் கப்பலில் வம்புக்கு வந்த பருத்த உருசிய அதிகாரி ஒருவரை எறிந்தபோது, அவர் தலை தரையில் மோதாதபடி தம் கையால் தாங்கினார் என்று கூறுவர். எதிரியின் தலையையும் காப்பவனே ஜூடோக் கற்றவன் என்பதற்கு அது எடுத்துக்காட்டு.

1891-இல் குமாமோட்டோ நகர ஐந்தாம் உயர்நிலைப் பள்ளியின் தலைவரானார். எழுத்தாளர் லஃப்காடியோ ஹெர்ன் அங்கே அவர்கீழ் ஆங்கிலம் கற்பித்தார்; ஜுஜுத்சுவைப் பற்றி எழுதி மேலைநாட்டார் கண்களைத் திறந்தவர் அவர். 1893 முதல் 1920 வரை, இடையில் சில இடைவெளிகள் நீங்கலாக, டோக்கியோ உயர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் தலைவராகக் கானோ விளங்கினார். ஆசிரியருக்கு ஆசிரியரான அவர், மாணவர் ஓடவும் நீந்தவும் விளையாடவும் வழிவகுத்தார்.

சீனத்திலிருந்து வரும் மாணவர்களுக்கெனக் கோபுன் கல்லூரியை 1902-இல் நிறுவினார். நவீனச் சீன இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படும் லூ சுன் அங்கே ஜப்பானிய மொழி பயின்ற மாணவர்.

பெண்களுக்கு இக்கலை ஆகாது என்று பலரும் கருதிய காலத்தில், 1893-லேயே ஒரு பெண்ணை மாணவியாக ஏற்றார். 1926-இல் கோடோக்கானில் மகளிர் பிரிவு திறக்கப்பட்டது. முதுமையில், தம்மை நூறுமுறை எறிந்த முதல் ஆசான் ஃபுகுதாவின் பேத்தியாகிய கெய்க்கோவைக் கானோ தாமே அழைத்துக் கலையைக் கற்க வைத்தார். 1935-இல் பயிலத் தொடங்கிய அந்தச் சிறிய உருவமுடைய பெண்மணி, 2013-இல் தமது 99-ஆம் வயதில் மறையும்வரை அமெரிக்காவில் ஜூடோவைப் பரப்பினார். பாட்டனாரிடம் பெற்ற கடனைப் பேத்தியிடம் அடைத்த நன்றியுணர்வை என்னென்பது!

நம் நாட்டிற்கும் இத்தொடர்பு உண்டு. கவியரசர் தாகூரின் அழைப்பை ஏற்று 1929-இல் சாந்திநிகேதனுக்கு வந்த ஷின்சோ தகாகாக்கி, மாணவர்களோடு மாணவியருக்கும் ஜூடோ கற்பித்தார்.

இறுதிப் பயணம்

1909-இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவில் கானோ இடம்பெற்றார். அக்குழுவில் அமர்ந்த முதல் ஆசியர் அவரே. 1912-இல் ஸ்டாக்ஹோம் நகருக்கு ஜப்பான் முதன்முதலாக அனுப்பிய வீரர் இருவர். இருவரும் வெற்றி பெறவில்லை. எறியப்பட்டவன் எழுந்துவருவதே கல்வி என்று கற்றவர் மனம் தளருவாரா? ஆண்டுகள் பல உழைத்தார். 1936-இல், 1940-ஆம் ஆண்டின் ஒலிம்பிக் விழா டோக்கியோவுக்கு வழங்கப்பட்டது. ஆசியாவில் நடக்கவிருந்த முதல் விழா!

ஆனால் 1937-இல் ஜப்பானியப் படை சீனத்தின்மீது பெரும்போர் தொடுத்தது. சீன மாணவர்க்குக் கல்லூரி கட்டியவரின் நாடு, அம்மாணவரின் நாட்டைத் தாக்கியது. எதிரியின் தலையைத் தாங்கிய கையின் பாடத்தை நாடு மறந்தது. விழாவை டோக்கியோவிடமிருந்து பறிக்க வேண்டும் என்ற குரல் உலகெங்கும் எழுந்தது. எழுபத்தேழு வயது முதியவர் 1938 மார்ச்சுத் திங்களில் கெய்ரோவில் நடந்த கூட்டத்திற்குச் சென்று வாதாடினார். விழா டோக்கியோவிலேயே நடக்கும் என்று உறுதிபெற்றார். அவர் வாதம் வென்றது. ஆனால் அவர் எதற்காக வாதாடினாரோ அதனை அவர் நாடே அழித்துக்கொண்டிருந்தது. இந்த முரணை வரலாறு மாணவராகிய நாம் மறைக்கலாகாது.

வட அமெரிக்கா வழியாகத் திரும்பும்போது, பசிபிக் பெருங்கடலில் ஹிக்காவா மாரு என்னும் கப்பலில், 1938 மே 4-ஆம் நாள் நுரையீரல் அழற்சியால் கானோ மறைந்தார். அவர் உடலைத் தாங்கிய கப்பல் இருநாள் கழித்து யோக்கோஹாமாவை அடைந்தது. அடுத்த சூலைத் திங்களிலேயே போரின் காரணமாக ஜப்பான் அந்த விழாவைக் கைவிட்டது.

விழுந்தவர் எழுந்தார். 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் விழா நடந்தபோது ஜூடோவும் அதில் இடம்பெற்றது. எல்லா எடையினரும் கலந்துகொள்ளும் இறுதிப் போட்டியில் ஜப்பானியர் காமினாகாவை, நெதர்லாந்து நாட்டு அன்டன் கீசிங்க் தரையில் மடக்கி வென்றார். அரங்கமே அழுதது என்பர். மகிழ்ச்சி தாளாமல் மேடைக்கு ஓடிவந்த தம் நாட்டினரைக் கீசிங்க் கையசைத்துத் தடுத்துவிட்டு, தோற்றவரை வணங்கினார். தம் நாட்டார் தோற்ற அந்த நாளில்தான், கானோவின் கலை உலகத்தின் உடைமையாயிற்று. 1992-இல் மகளிர்க்கும் பதக்கங்கள் வழங்கப்பட்டன.

தம் வாழ்வின் பயனாகக் கானோ இரண்டு நெறிகளை விட்டுச்சென்றார். ஆற்றலை வீணாக்காமல் மிகப் பயன்படும் இடத்தில் செலவிடுதல் ஒன்று. தானும் பிறரும் சேர்ந்து உயர்தல் மற்றொன்று. இரண்டாவது நெறியை மறந்த நாடு முதல் நெறியால் என்ன பெற்றது என்பதை ஜப்பானின் போர்க்கால வரலாறு காட்டுகிறது.

மாணவ நண்பர்களே! தேர்வில் தோற்றோர், வறுமையில் வாடுவோர், விடுதியில் ஏளனத்துக்கு ஆளாவோர் நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்குக் கானோவின் வாழ்க்கை பெரிய அறிவுரை எதையும் கூறவில்லை. முதற்பாடத்தை மட்டுமே காட்டுகிறது. கோடோக்கானில் சேரும் மாணவன் முதலில் எறியக் கற்பதில்லை; அடிபடாமல் விழக் கற்கிறான். விழுந்தபோதும் அவன் கை, பற்ற வேண்டியதைப் பற்றியிருக்கிறது.